ஸ்மார்ட் லேத்

“மணி பத்து நாற்பது. பெயின்ட் இன்னும் காயல. யாரும் எதையும் தொட்டுறாதீங்க!”

மெக்கானிக்கல் துறைத் தலைவர் ராயப்பராஜ் ஆய்வகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வடமதுரை சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரிக்கு இன்று ஆய்வு அதிகாரி வருகிறார். அதனால் லேத் பச்சை, மேசை பச்சை. தீயணைப்பு வாளிகூடப் பச்சை.

“சார், நேத்து அந்தப் பெயின்டர்...” என்று ஆரம்பித்தார் மரியசெல்வி. பன்னிரண்டு வருடமாக அங்கே லேப் அசிஸ்டென்ட்.

“பெயின்டர் கதை அப்புறம். உங்க ரிலீவிங் லெட்டரை டைப் பண்ணிட்டீங்களா?”

“இல்ல சார்.”

“இன்னிக்குத்தானே கடைசி நாள்? லேத்து எத்தனை சுத்து சுத்துதுன்னு சென்சாரே பாக்குது, ஸ்கிரீன்ல காட்டுது. அதை நோட்டுல எழுத இனி ஆள் எதுக்கு?”

“ரெண்டு பிள்ளைகள வச்சிருக்கேன் சார். வேற லேப்புல எங்கயாச்சும்...”

“மாதாகிட்ட வேண்டிக்கங்க, வழி பொறக்கும். இப்ப அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள போய் உக்காந்து டைப் பண்ணுங்க.”

அதிகாரி ஆசாத் வந்தார். பொன்னாடை, இளநீர், குழுப் படம் என்று ஆய்வின் முக்கியப் பகுதிகள் முடிந்தபின் லேத் ஓடியது. சுவர்த் திரையில் பெரிதாக ஓர் எண் வந்தது: 448.

“இது வீடியோ இல்லையே?” என்றார் ஆசாத். “போன வாரம் ஒரு காலேஜ்ல வீடியோ ஓட்டினாங்க.”

“ஐயையோ! நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்.”

“சென்சார் எங்க?”

“அந்தா, பச்சையா இருக்கே.”

“எல்லாமே பச்சையாத்தான் இருக்கு.”

ஆசாத் லேத்தை நிறுத்தினார். திரையில் 0. லீவரை மாற்றி மறுபடி ஓடவிட்டார். 712. அவருடைய விரல்களும் பச்சையாகியிருந்தன. ராயப்பராஜ் தன் கைக்குட்டையை நீட்டினார்.

“நம்பர் செத்த லேட்டா வருதே?”

“வைஃபை சார். யோசிச்சுத்தான் சொல்லும்.”

ஆசாத் சிரித்தார். கண்ணாடி அறையைப் பார்த்தார்.

“யாரு அவங்க? இம்புட்டு மும்முரமா டைப் பண்றாங்க?”

“லேப் அசிஸ்டென்ட். ஸ்மார்ட் லேப்புக்கு ஆள் எதுக்கு? அவங்க ரிலீவிங் லெட்டரை அவங்களே அடிச்சுக்கிட்டிருக்காங்க.”

“பிரமாதம்! மனுஷக் கை படாத லேப். திங்கக்கிழமை முழுக் கமிட்டியோட வாரேன். இதே மாதிரி ஓட்டிக் காட்டுங்க. கிராண்ட் பணம் உங்களுக்குத்தான்.”

அதிகாரியின் கார் கேட்டைத் தாண்டும்வரை ராயப்பராஜ் கும்பிட்டபடி நின்றார். பிறகு நேராகக் கண்ணாடி அறைக்குப் போய்க் கையை நீட்டினார்.

“எங்க லெட்டர்?”

“அதுக்கு எங்க சார் நேரம்? சென்சார் கண்ணு மேலயும் சேத்துப் பச்சையை அடிச்சுட்டுப் போயிட்டாரு அந்தப் பெயின்டர். லேத்துச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஸ்கிரீன்ல வந்த அம்புட்டு நம்பரையும் இங்க இருந்து நான்தானே அடிச்சேன்... திங்கக்கிழமை யாரு சார் அடிப்பா?”