மூன்றாவது பாட்டிலுக்கு முன்
மேலரத வீதி மாடியில் பிற்பகல் வெயில் மூன்று ஸ்காட்ச் பாட்டில்களை ஊடுருவித் தரையில் தேன் நிறத்தில் கிடக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து லீவில் வந்திருக்கும் டாக்டர் கணேஷ்ராம், ஒவ்வொரு ஸ்காட்சுக்கும் ஒரு ராகம் பொருத்திப் பார்க்க, கிளாசுக்குள் மூக்கை விட்டு முகர்கிறார். "அண்ணாச்சி, இதுல புகைவாசம். முகாரி வாசிங்க." நாகசுரக்காரர் குற்றாலிங்கம் தொடங்குகிறார். ராகம் கண் திறப்பதற்குள் டாக்டரின் கை உயர்கிறது. "போதும். அடுத்தது இனிப்பு. மோகனம்." மோகனத்துக்கும் அதே கை, அதே உயரம். குற்றாலிங்கத்தின் காதுமடல் சிவக்கிறது. வருஷக்கணக்காக நெல்லையப்பருக்கு வாசிக்கிறார். சாமி ஒருநாளும் கையைத் தூக்கியதில்லை. நாகசுரத்தின் ஊதுமுனைச் சீவாளியை நாக்கில் நனைத்து, யாரும் கேட்காமலே மங்களம் வாசிக்கிறார், முழுசாக. உயர்ந்த கை அந்தரத்திலேயே நிற்கிறது. "இன்னும் ஒரு பாட்டில் இருக்கே, அண்ணாச்சி?" குற்றாலிங்கம் நாகசுரத்தை உறைக்குள் தள்ளுகிறார். "மங்களத்துக்குப் பொறவு வாசிக்கப்படாது வே. மிச்சத்த வெறுங்காதோட குடியும்."