பக்க வால்வு

“உங்க ஷெட்டுத் தண்ணிக்கு ரிசல்ட் வந்திருச்சு. சுத்தமா இருக்கு” என்றபடி தட்டை வைத்தாள் மனைவி.

தட்டுக்குப் போன மீட்பரின் கை பாதியில் நின்றது.

தோல் பதனிட்டு வெளியேறும் பச்சைத் தண்ணீரிலிருந்து குரோம் உப்பைப் பிரித்து, மறுபடியும் பதனிடக் கொடுப்பது அவர் வேலை. அதனால் தோல் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் ‘மீட்பர்’. “ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணி கால்வாய்ல இறங்காது” என்று வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவார்.

இன்று காலை, கலக்கும் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. பதனிடும் டிரம்மைக் காலி செய்யாவிட்டால் காத்திருக்கும் தோல்கள் அழுகிப்போகும். யாரும் இல்லாத நேரம் பார்த்து, தொட்டியின் பக்க வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் பச்சையாகவே கால்வாயில் இறங்கியது. கால்வாய் போய்ச் சேருமிடம் ஆறு. ஆற்றங்கரை முழுக்கக் குடிநீர்க் கிணறுகள்.

“குரோம் துளிகூட இல்லையா? நல்ல நாள்லயே கொஞ்சம் காட்டுமே?”

“இன்னிக்கு அதுவும் காட்டல. ஆறுது, சாப்பிடுங்க.”

அவள் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. கழிவுநீர் ஆய்வகத்தில் கண்டிப்புக்குப் பெயர் போனவள். தன் கூடப்பிறந்த அண்ணனின் ஷெட்டில் குரோம் கூடுதலாகக் காட்டியபோது, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்து இழுத்து மூட வைத்தவள். அதற்கப்புறம் அண்ணன் இந்த வாசலை மிதிக்கவே இல்லை.

அவள் சாம்பிள் எடுக்க வருவதற்குள் பச்சைத் தண்ணீர் ஓடிப்போயிருக்கும். தப்பித்தோம் என்று மூச்சுவிட அவரால் முடியவில்லை. இப்படிப்பட்டவளைப் போய் ஏமாற்றிவிட்டோமே என்றுதான் தோன்றியது.

“நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

பொரிந்து தள்ளப்போகிறாள் என்று காத்திருந்தார். அவளோ நிமிரவே இல்லை.

“காலைல முதல் வேலையா முதலாளிகிட்ட சொல்லிடறேன். உங்க ஆய்வகத்துக்கும் வந்து சொல்றேன். கால்வாயை அலசிப் பார்க்கட்டும், கிணத்துத் தண்ணியையும் எடுத்துப் பார்க்கட்டும்.”

“வேண்டாங்க.”

“வேலை போனா போகட்டும். உன் அண்ணனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“கால்வாய் பச்சையா ஓடினதை நானும் பார்த்தேங்க... சாம்பிள் பாட்டில்ல நான் பிடிச்சது குழாய்த் தண்ணி.”