வருவாரா, மாட்டாரா

கல்லூரி மைதானத்தின் கோல் போஸ்ட்டில் உட்கார்ந்து இரண்டு காகங்கள் மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருந்தன.

"நம்ம காலேஜுக்கு வரப்போறதாச் சொல்ற அந்த அசிஸ்டென்ட் கோச் மட்டும் வரட்டும், கப்பு நமக்குத்தான்!" என்றது கிழட்டுக் காகம்.

"அந்தாளு போன காலேஜெல்லாம் தோத்துச்சு," என்றது குட்டைவால் காகம்.

வேப்பமரத்து அணில் யோசித்து யோசித்துக் கிழட்டுக் காகத்தின் பக்கம் சேர்ந்தது. மறுநாள் பார்த்தால் காகங்கள் இரண்டுமே கட்சி மாறியிருந்தன. அணிலுக்குத் தலை சுற்றியது.

"ராத்திரிக்குள்ள என்னண்ணே நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. அவர் வருவாரான்னே தெரியல," என்றது கிழட்டுக் காகம்.

"அப்போ நாலு நாளா கீழே விசிலோட நம்ம கோல்கீப்பருக்குச் சொல்லிக்குடுக்கிறாரே, புதுசா ஒருத்தர், அவர் யாரு?"

காகங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரோ! முக்கியமான விஷயம் பேசுறப்போ குறுக்க வராத."