அந்தோனியார் பன்றியின் கொலஸ்ட்ரால்

பன்றி முதலில் போய் நின்றது என் அப்பா வீட்டு வாசலில்.

நான் எதிர்ச்சந்தில், ரொட்டிக்கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஊருக்கே மாட்டு டாக்டர், ஒரு பன்றியை ஒளிந்திருந்து வேவு பார்க்கிறேன். யார் கண்ணிலாவது பட்டால் அடுத்த திருநாள் வரைக்கும் சிரிப்பார்கள்.

எல்லாம் பல்கலைக்கழகத்து அம்மாளால் வந்தது. ஒரே வேளையில் மொத்தமாக விழுங்குகிற பன்றிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தின்கிற பன்றிக்கும் ரத்தத்தில் கொழுப்பு எப்படி மாறுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. முதல் வகைக்குப் பண்ணைப் பன்றிகள் இருந்தன. இரண்டாவது வகைக்கு எங்கள் ஊர்ப் பன்றியை விட்டால் ஆள் ஏது?

கால்நடைகளைக் காக்கும் புனிதர் வனத்து அந்தோனியார் பெயரால் ஜூனில் ஒரு குட்டியை அவிழ்த்து விடுவோம். அது வாசல் வாசலாகப் போய்த் தின்று வளரும். ஜனவரியில் அவர் திருநாளன்று குலுக்கல். சீட்டு விழுந்தவர் வீட்டில் அது தொத்திறைச்சியாகிவிடும்.

அதன் ரத்தத்தை எடுத்து அனுப்பினேன். கொலஸ்ட்ரால் பண்ணைப் பன்றிகளைவிட எங்கோ கீழே இருந்தது.

"அப்படி என்னத்தம்மா போடுறீங்க அதுக்கு? ஒரு நாள் பின்னாலயே போய்ப் பாருங்களேன்" என்றார் அந்த அம்மாள் போனில்.

அதே வாரம் அப்பாவின் ரத்தப் பரிசோதனையும் வந்தது. அதிலும் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது.

அம்மா இறந்த பிறகு அப்பா பகலெல்லாம் பட்டினி கிடப்பார். பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டி கொண்டைக்கடலையும் கறியும் ஒரே மூச்சில் விழுங்குவார். போன ஈஸ்டருக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து, பண்ணைகளுக்குக் கிளம்பும்முன் தினமும் ஓட்ஸ் கஞ்சியும் உப்பில்லாமல் வேகவைத்த கீரையும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். பாத்திரம் துடைத்துவிட்டது போலத் திரும்பி வரும். "உங்க சமையல்தான் மருந்து" என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

கதவு திறந்தது. என் பாத்திரத்தோடு அப்பா வந்தார். அதை அப்படியே பன்றி முன்னால் கவிழ்த்தார்.

"தின்னுடா ராசா. எம்மவ கைப்பக்குவம். நீயாச்சும் குறை சொல்லாம தின்னு."

பன்றி குறை ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டோடு எழுந்து இத்தனை மாதம் பன்றிக்கா கீரை அரிந்தேன்? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று காலெடுத்து வைத்தேன். அதற்குள் அப்பா தொப்பியும் கைத்தடியுமாக வெளியே வந்து, பன்றியின் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

அடுத்த வாசல் ஒப்துலியா அத்தையுடையது. பன்றிக்கு உருளைக்கிழங்குத் தோல். அப்பாவுக்கு விரல் அகலத்தில் முட்டை அடை.

"அது வந்தா பின்னாலயே நீரும் வந்துருவீரு. குலுக்கல்ல யாரை வைக்கிறதுன்னே தெரியல எலாதியோ."

"என்னையே வையி. சீட்டு உனக்கு விழுந்தா இழுத்துட்டுப் போயிரு."

இருவரும் சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகிவிட்டது.

அப்பாவும் பன்றியும் மேட்டில் ஏறினார்கள்; நானும் சுவரோரமாகவே பின்னால் போனேன். அடுத்த வாசலில் அப்பாவுக்கு வால்நட். அதற்கடுத்த வாசலில் நகக்கண் அளவு பாலாடைக்கட்டி. ஒரு வாய், கொஞ்சம் வம்பு, மறுபடியும் நடை. எங்கள் ஊரில் சமதரை என்று ஓரிடமும் கிடையாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்றி எப்படித் தின்கிறதோ அப்படித்தான் அப்பாவும் தின்கிறார். அம்மா இல்லாத மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியவில்லை. அதை என்னிடம் சொல்லவும் முடியவில்லை. பன்றி பின்னால் போனால் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். கோபம் போன இடம் தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

"என்ன டாக்டரம்மா, காலங்காத்தால சுவத்துல பல்லி மாதிரி?"

ஊர்த்தலைவர் அபுந்தியோ. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம குலுக்கல். பன்னி நல்லாருக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, திங்கக்கெழம கத்தி வெச்சிரலாம்."

"இப்ப வெட்ட முடியாது. ஆராய்ச்சி முடியல. ஜூன்ல அடுத்த குட்டிய அவுத்து விடுற வரைக்கும் இது நடமாடணும்."

"அப்ப குலுக்கல்ல எதை வைக்க? என் தலையையா?"

"எங்க வீட்டு உத்தரத்துல தொங்குற, உப்புக்கண்டம் போட்ட பன்னித் தொடை ரெண்டையும் எடுத்துக்குங்க."

அவர் வாயைப் பிளந்தார். கிறிஸ்துமஸுக்குக்கூட நான் அவற்றில் கை வைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"ஜூன் வரைக்கும் அப்படி என்னத்தைத்தான் பாப்பீங்க?"

"மாசா மாசம் ரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்றேன்.

யாருடைய ரத்தம் என்று அவர் கேட்கவில்லை.