தண்ணீருக்கடியில் கிடக்கும் கற்கள்

கடல்நீர் ஏறிய முகத்துவாரம் மத்தியான வெயிலில் தகரம்போல் மின்னுகிறது. கரைக்குப் போகும் நடைகற்கள் எல்லாம் கலங்கிய தண்ணீருக்குள் மறைந்து கிடக்கின்றன. "பொறுங்க தம்பி, கல்லுக் கிடக்கிற இடத்த நான் காட்டுறன். தவறினா இடுப்பு வரைக்கும் சேறு" என்றபடி தோணிக்காரர் நல்லரத்தினம் கம்பை ஊன்றுகிறார். அதற்குள் சிவதர்ஷன் இறங்கிவிட்டான். நேராக நான்கு எட்டு, வலப்பக்கம் ஒன்று, மறுபடி நேராக. முழங்கால்கூட நனையவில்லை. "இந்த ஊருக்கு நானும் இப்பதான் முதல்தரம் வாறன்" என்று காலையில் பிரஷாந்தியிடம் சொன்னவன். தோணியில் அவள், அவன் கட்டி இருபது நாளான தாலியை விரலில் சுற்றுகிறாள். கரையில் நிற்கும் பெண் இறால் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்க்கிறாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "பயப்படாம வா பிரஷா, நான் சொல்லச் சொல்லக் காலை வை" என்று கை நீட்டுகிறான். அந்தக் கையைப் பார்த்தபடியே அவள் தோணிக்காரரிடம் சொல்கிறாள்:

"மாமா, கல்லை நீங்களே காட்டுங்க."