பொய்ச் சன்னல்

செண்பகனூர் மேட்டில் இருக்கும் அந்தத் தங்கும் பங்களா, ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்து மாளிகை ஒன்றைப் பார்த்துக் கட்டியது. வாசலுக்கு இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது அந்தப் பாணியின் பிடிவாதம். ஆனால் இடப்பக்கம் நான்கு சன்னல், வலப்பக்கம் மூன்றுதான். போன வருஷம் புது முதலாளி சொன்னபடி, கொத்தனார் மரியஅந்தோணி வலப்பக்கச் சுவரில் ஒரு பொய்ச் சன்னல் வைத்தார். மரச்சட்டமும் கண்ணாடியும் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு பூசிய செங்கல்.

"உள்ள ரூமே கெடையாது. எவன் எட்டிப் பாக்கப் போறான்?" என்று மனைவி தெரசம்மாளிடம் சொல்லிவிட்டு இருமினார். அந்த வேலையில் பிடித்த இருமல் பிறகு விடவேயில்லை.

தெரசம்மாளுக்கும் அங்கேதான் சோலி. வெள்ளனே புல்தரையில் நின்று சன்னல்களைப் பார்ப்பாள். குளிரில், ஆள் தூங்கும் அறையின் கண்ணாடி மூச்சு பட்டு உள்ளே வெளுத்திருக்கும். அந்த அறைகளுக்கு வெந்நீர் கொண்டுபோவாள்.

இன்று இரண்டு அறைகளில்தான் ஆள். மூன்று கண்ணாடிகள் வெளுத்திருந்தன. மூன்றாவது, பொய்ச் சன்னல்.

கிட்டே போய் முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. ஈரம் உள்பக்கம் இருந்தது. இருமுகிறவன் வாய்க்கு எதிரே பிடித்த கண்ணாடிபோல், அது விட்டுவிட்டுப் படர்ந்தது.

"ஏங்க, வெரசா வாங்க. நீங்க வச்ச சன்னலப் பாருங்க" என்று கூப்பிட்டபடி, தோட்டத்து ஓரம் இருந்த தங்கள் அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

சற்றுமுன் அவருக்குக் கம்பளி போர்த்திவிட்டு வந்த அந்த அறையின் கண்ணாடி, துடைத்து வைத்ததுபோல் தெளிவாக இருந்தது.