சாமி ஏறாத உடுக்கை

மூன்று உடுக்கைகளையும் பாயில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் தோலிலும் விரலால் சுண்டிவிட்டு, முத்திருளன் குனிந்து காதைக் கொடுத்தான்.

நாதம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறான் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். எதிலாவது சாமி இருக்கிறதா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை. மதுரையில் மாசி வீதி மாடி ஒன்றில், சன்னல்களையெல்லாம் சாக்குப் போட்டு அடைத்து, நடுவில் ஒரு மைக்கை நிறுத்தியிருந்தது கிராமபோன் பிளேட் கம்பெனி. காலை பத்து மணிக்கே அறை புழுங்கிச் செத்தது.

கம்பெனி ஏஜெண்டு கண்ணுச்சாமிக்கு ஒரே உடுக்கை இரண்டு வேலை செய்தாக வேண்டும். இன்றைக்கு மைக்குக்கு முன்னால் காதை உறுத்தாமல் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை டிராமாக் கொட்டகையில் மைக்கே இல்லாமல் கடைசிப் பெஞ்சுவரை போய்ச் சேர வேண்டும்.

பித்தளை உடுக்கை கொட்டகைக்குச் சரி. ஆனால் சோதனைக்கு ஒரு மெழுகுத் தட்டில் பிடித்துப் போட்டுக் கேட்டபோது, டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இரைந்தது.

மண் உடுக்கை மைக்குக்கு இதமாக இருந்தது. பத்தடி தள்ளி நின்றால் அதன் சத்தம் படுத்துவிட்டது.

பலாமர உடுக்கை இரண்டுக்கும் ஒத்து வந்தது.

"இதுதாய்யா! எம்புட்டுச் சுத்தமா விழுகுது பாரு!" கண்ணுச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை.

முத்திருளனுக்கும் அதுதான் பிடித்திருந்தது. நேற்றுத்தான் கடையில் வாங்கியது. தோலில் பச்சை வாடை இன்னும் போகவில்லை. எந்தக் கோயில் வாசலையும் அது மிதித்ததில்லை.

அவன் அப்பன் அடித்த உடுக்கை உசிலம்பட்டி வீட்டு உத்தரத்தில் துணி சுற்றித் தொங்குகிறது. அதை எடுத்து அழைப்புப் பாட்டை அடித்தால் போதும், பெண்டாட்டி ஒச்சாயிமேல் கருப்பசாமி வந்துவிடும். அப்புறம் அனுப்புகிற பாட்டையும் அடித்து, சாமியை மலையேற்றிவிட்டால்தான் ஒச்சாயி பழைய ஒச்சாயி ஆவாள்.

போன தடவை அப்படி வந்துபோனதில் வயிற்றில் இருந்தது கலைந்துவிட்டது. இப்போது மறுபடியும் ஏழு மாதம். இன்னொரு தடவை சாமி வந்தால் தாயும் தங்கமாட்டாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் அந்தத் துணியை அவிழ்க்கவில்லை.

பேசாமல் பிளேட்டே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிளேட்டின் நடுவில் வட்டமாகத் தன் பேர் அச்சாகும் என்று கேட்ட நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆசை யாரை விட்டது? அதனால்தான் சாமி ஏறாத உடுக்கையாகத் தேடினான். ஊரில் தனியே விட மனமில்லாமல் ஒச்சாயியையும் கூட்டிவந்து, வில்லாபுரத்தில் அவள் அண்ணன் நல்லகாமன் வீட்டில் விட்டிருந்தான்.

பத்தரைக்கு, பதிவு தொடங்கச் சிவப்பு விளக்கு எரிந்தது.

பழகிய கை, பழகிய தொண்டை. கருப்பசாமியை மலையிலிருந்து அழைத்தான், காட்டிலிருந்து அழைத்தான், கண்மாய்க் கரையிலிருந்து அழைத்தான். இதோ வாசலுக்கு வந்துவிட்டது என்கிற அடியில் விளக்கு அணைந்தது.

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. மெழுகு அவ்வளவுதான் கொள்ளும்.

"அண்ணே, மலையேத்துற பாட்டு பாக்கி இருக்கே?"

"அதெல்லாம் எதுக்குப்பா? மறுபக்கம் வேற ஆளு பாடுறாரு."

முத்திருளன் உடுக்கையைப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்தது. வராத சாமியை எங்கே அனுப்புவது?

உடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். கண்ணுச்சாமி வாசல்வரை வந்து, தோளைத் தட்டி, காதோடு ஒரு நல்ல சேதி சொல்லி அனுப்பினான். அதை முதலில் ஒச்சாயியிடம்தான் சொல்ல வேண்டும் என்று வெயிலைக்கூடப் பொருட்படுத்தாமல் வில்லாபுரம்வரை நடந்தான்.

நல்லகாமன் வீட்டு வாசலில் கூட்டம்.

முற்றத்தின் நடுவில் ஒச்சாயி தலைவிரிகோலமாக நின்றிருந்தாள். கண் இமைக்கவில்லை. வயிறு மட்டும் மேலும் கீழும் ஏறி இறங்கியது.

"பத்தரை மணிக்கு வந்துச்சு மாப்ள. மலையேற மாட்டேங்குது" என்றான் நல்லகாமன்.

முத்திருளன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, கையிலிருந்த அந்தப் புது உடுக்கையிலேயே மலையேற்றும் பாட்டை அடித்தான். போய்விடு சாமி, என் பிழைதான், போய்விடு என்று பாட்டில் இல்லாததையெல்லாம் சேர்த்துப் பாடினான்.

மூன்றாவது முறை பாடும்போது ஒச்சாயியின் முழங்கால் மடிந்தது. பெண்கள் ஓடித் தாங்கினார்கள்.

அவள் தண்ணீர் கேட்டாள். நல்லகாமன் பெண்டாட்டி சின்னத்தாய் அவள் வயிற்றில் கைவைத்து, வெகுநேரம் வைத்தபடியே இருந்து, கடைசியில், "அசையுது" என்றாள்.

முத்திருளன் அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதான். பிழைத்தாள். இந்த ஒரு தடவை பிழைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தை அவனால் தாங்க முடியவில்லை.

நல்லகாமன் அவனை ஓரமாக இழுத்துப் போனான்.

"வந்ததிலிருந்து சாமி ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு மாப்ள. ஐநூறு வாட்டி கூப்புடப் போறான், ஐநூறு வாட்டியும் வாரேன்னு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. அது என்னய்யா கணக்கு?"

முத்திருளன் கையிலிருந்த உடுக்கையைத் தரையில் வைத்தான்.

கண்ணுச்சாமி காதோடு சொன்ன நல்ல சேதி அதுதான். எடுத்த எடுப்பிலேயே ஐந்நூறு பிளேட் போடுகிறார்கள். மெழுகு மத்தியான ரயிலில் அச்சுக்குப் போகிறது, ஒரு மாதத்தில் உசிலம்பட்டிச் சந்தைவரை வந்துவிடும்.

ஐந்நூறிலும் அழைப்பு இருக்கும். அனுப்புகிற பாட்டு ஒன்றில்கூட இருக்காது.